கப்பலா, கரையா: சிறிய சொகுசுக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி இதுதான். பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, மணவாழ்வின் முப்பத்தைந்தாம் ஆண்டைக் கொண்டாட ஒரு சிறிய சொகுசுக் கப்பலில் பயணம் போக விரும்புகிறார்கள். மனைவிக்கு ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுகளைப் பார்க்க வேண்டும். அது இயலாவிட்டால் கிரேக்கத் தீவுகள். கணவருக்கு அண்டார்டிகா மீது ஆசை இருக்கிறது, முழங்கால் வலியும் இருக்கிறது. அடிக்கடி கப்பலில் போய்வரும் நண்பர் ஒருவரோ, "முதலில் நல்ல கப்பலைப் பிடியுங்கள், அது எங்கே போனாலும் சரி" என்கிறார். எதை முதலில் முடிவு செய்வது?

இடத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஆனால் இடம் என்று சொல்லும்போது, விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் ஊர்ப் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். எந்த மாதத்தில், எந்தக் கரையில், எத்தனை மணி நேரம் கப்பல் நிற்கிறது, அங்கே உங்களை எத்தனை பேரோடு சேர்த்து இறக்கிவிடுகிறார்கள் என்பது வரை தெரிந்துகொண்டால்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்ததாக அர்த்தம். அந்த அளவுக்கு விசாரித்துவிட்டால், போகக்கூடிய கப்பல்கள் நான்கைந்தாகச் சுருங்கிவிடும். அவற்றுக்குள் எது வசதி என்று பார்ப்பது சுலபம்.

உங்கள் நண்பரின் யோசனை பெரிய கப்பல்களுக்குப் பொருந்தும். 'ஐகான் ஆஃப் த சீஸ்' போன்ற ஒரு கப்பலில் ஏழாயிரம் பேருக்கு மேல் ஏறலாம். நீர்ச்சறுக்குகள், அரங்கங்கள், கடைகள், ஏராளமான உணவகங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அங்கே கப்பல்தான் ஊர். வெளியே எந்தத் துறைமுகம் என்பது பலருக்கு இரண்டாம் பட்சம். நூறு முதல் முந்நூறு பேர் வரை ஏறும் சிறிய கப்பலில் ஒரு கூடம், இரண்டு மூன்று உணவகங்கள், சின்னதாக ஒரு நீச்சல் குளம், அவ்வளவுதான். பெரிய கப்பல் நுழைய முடியாத இடத்துக்கு அது உங்களைக் கொண்டுபோகிறது என்பதற்குத்தான் அதில் கூடுதல் பணம் கொடுக்கிறோம்.

கலாபகோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்தப் பயணக் கப்பலும் 100 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது ஈக்வடார் நாட்டின் விதி. கரையில் இறங்கும்போது 16 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், தேசியப் பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே வர வேண்டும். பாதையை விட்டு விலகக் கூடாது. இந்த விதிகள் எல்லாக் கப்பலுக்கும் ஒன்றுதான். ஆகவே 'சில்வர் ஒரிஜின்', 'செலிப்ரிட்டி ஃப்ளோரா' போன்ற 100 பேர் கப்பலில் போனாலும், 16 பேர் மட்டும் தங்கும் ஒரு கட்டமரானில் (இரட்டை அடிப்பகுதி கொண்ட படகில்) போனாலும், கரையில் உங்கள் குழு ஏறக்குறைய ஒரே அளவுதான். வித்தியாசம் வழித்தடத்தில் இருக்கிறது. ஒரு கப்பல் ஒரே இடத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் மறுபடி போகக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு. அதனால் ஒரே கப்பல் இந்த வாரம் ஒரு பாதையிலும் அடுத்த வாரம் வேறு பாதையிலும் போகிறது. இதைக் கவனிக்காமல் "அந்தக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

பாதை மாறினால் பார்ப்பதும் மாறும். பறக்கும் திறனை இழந்துவிட்ட நீர்க்காகத்தை இசபெலா தீவின் மேற்கு, வடக்குக் கரைகளிலும் ஃபெர்னாண்டினாவிலும் மட்டுமே பார்க்க முடியும். சிவப்புக்கால் பூபி என்ற கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக இருக்கும் ஹெனோவேசா வடக்கே தனித்துக் கிடக்கிறது. மேற்குப் பாதையில் போனால் பெரும்பாலும் அது கிடைக்காது. தெற்கிலுள்ள எஸ்பன்யோலாவில்தான் வேவ்டு அல்பட்ராஸ் எனப்படும் பெரிய கடற்பறவை, உலகில் உள்ளவை ஏறக்குறைய அத்தனையும், கூடு கட்டுகின்றன. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அவை அங்கே இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் கடலுக்குப் போயிருக்கும். அந்தப் பறவைகளின் காதல் நடனத்தைப் பார்ப்பதுதான் உங்கள் கனவென்றால், எவ்வளவு உயர்ந்த கப்பலானாலும் பிப்ரவரியில் மேற்குப் பாதையில் போய்ப் பயனில்லை.

பருவத்தையும் யோசியுங்கள். டிசம்பர் முதல் மே வரை வெயில் அதிகம், கடல் அமைதி, தண்ணீர் இதமான சூடு. ஜூன் முதல் நவம்பர் வரை குளிர்ந்த நீரோட்டம் வருவதால் கடலுக்கடியில் உணவு பெருகி, பறவைகளும் கடற்சிங்கங்களும் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் அலை கூடுதல். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சிறிய படகுகள் நன்றாகவே ஆடும். இங்கேதான் கப்பலின் அளவு கணக்கில் வருகிறது. அந்த மாதங்களில் போவதானால் 16 பேர் படகைவிட 100 பேர் கப்பலை நான் சொல்வேன். மருத்துவரும் கூட இருப்பார். அலை குறைந்த ஏப்ரல், மே மாதங்களில் சிறிய கட்டமரான் அருமையாக இருக்கும்.

முழங்கால் விஷயம். கலாபகோஸில் இரண்டு வகையாக இறங்குவார்கள். பாறையிலோ மேடையிலோ கால் நனையாமல் இறங்குவது ஒன்று. ரப்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால் அளவுத் தண்ணீரில் காலை விட்டு மணலுக்கு நடப்பது மற்றொன்று. மணலில் இறங்குவது பெரும்பாலும் சிரமமில்லை. பர்த்தலோமே தீவின் உச்சிக்குப் போகும் நீண்ட மரப்படிகளும் ஹெனோவேசாவின் செங்குத்தான பாறைப்படிகளும்தான் சோதிக்கும். அந்த நேரத்தில் படியேறாதவர்களை ரப்பர் படகில் கரையோரம் சுற்றிக் காட்டுவீர்களா என்று பதிவு செய்வதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன. இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தக் கப்பலை விட்டுவிடுங்கள்.

அண்டார்டிகாவில் எண்ணிக்கை இன்னும் முக்கியம். அங்கே சுற்றுலா நடத்தும் நிறுவனங்கள் 1991இல் ஒரு சர்வதேசச் சங்கம் அமைத்துக்கொண்டன. அதன் விதிப்படி 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கவும் கூடாது. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். இருநூறு பேர் கப்பலில் பாதிப் பேர் கரையில் இருக்கும்போது மீதிப் பேர் ரப்பர் படகில் பனிப்பாறைகளைச் சுற்றிவருவார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. நானூற்றைம்பது பேர் கப்பலில் நான்கைந்து அணிகளாகப் பிரிக்க வேண்டியிருக்கும். உங்கள் முறை வருவதற்குக் காத்திருந்தே பாதிப் பொழுது போய்விடும். மூன்றுமே 'சிறிய கப்பல்' என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. பென்குவின்களின் நடுவே நிற்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு பயணங்கள்.

மாதமும் அப்படித்தான். நவம்பரில் பனி கலையாமல் வெள்ளையாக இருக்கும், பென்குவின்கள் கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சுகள். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலங்கள் அதிகம். ஆனால் பென்குவின் குடியிருப்புகள் சேறும் எச்சமுமாக இருக்கும்.

ஆனாலும் கப்பலைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாத இடம் அண்டார்டிகா. அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பத்து நாள் பயணத்தில் நான்கு நாள் கப்பலுக்குள்தான். உலகின் கொந்தளிப்பான கடல்களில் அது ஒன்று. எனவே பனியில் செல்லும் உறுதி, ஆட்டத்தைக் குறைக்கும் நிலைப்படுத்திகள், நல்ல நூலகம், தரமான விரிவுரையாளர்கள் எல்லாமே தேவை. அறையைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. மேல்தளத்துப் பால்கனி ஸூட்டுக்கு அதிகப் பணம் கொடுத்துவிட்டு நான்கு நாளும் படுத்தே கிடப்பவர்கள் உண்டு. சிலியின் புந்தா அரேனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேர விமானத்தில் பறந்து, அங்கே கப்பல் ஏறும் பயணங்களும் இருக்கின்றன. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல வழி. மேகம் இறங்கிவிட்டால் விமானம் தாமதமாகும் என்பதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

இதே நிலைமை வடதுருவப் பக்கமும் வந்துவிட்டது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 2025 ஜனவரி 1 முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் போக முடியாது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு முந்நூறு பேர் கப்பலில் அதே இடங்களைப் பார்க்கலாம் என்று நம்ப வேண்டாம்.

இனி, உங்கள் நண்பர் சொல்வது எங்கே சரி என்று பார்ப்போம். மத்தியதரைக் கடலிலும் கரீபியனிலும் அவர் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடுகிறது. ஏதென்ஸும் ரோமும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை; இந்த மாதம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம், கப்பல் இல்லாமலும் பார்க்கலாம். ஏற்கெனவே அந்த ஊர்களைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கடலில் அமைதியாக இருக்க விரும்புகிறவர்கள் கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. 1931இல் கட்டப்பட்ட 'ஸீ க்ளவுட்' என்ற பாய்மரக் கப்பலில் அறுபத்துச் சொச்சம் பேர்தான் போக முடியும். மாலுமிகள் பாய்மரத்தில் ஏறிக் கையால் பாய்களை விரிப்பதைப் பார்ப்பதற்காகவே அதில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் எந்தத் தீவு என்று கேட்டுப் பயனில்லை.

ஆனால் முதல் முறை போகிற உங்களுக்கு அங்கேயும் வழித்தடம்தான் முக்கியம் என்பேன். காரணம், சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் பல, சிறிய கப்பலைப் பெரிய கப்பல்களின் துறைமுகங்களுக்கே அனுப்புகின்றன. 'ரோம்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவித்தாவெக்கியா. 'ஃபிளாரன்ஸ்' என்றால் 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் லிவோர்னோ. 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர். அங்கிருந்து பாரிஸுக்கு 200 கிலோமீட்டர் அளவுக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டும். பக்கத்தில் நாலாயிரம் பேர் கப்பல் நிற்க, அதே சரக்குத் துறைமுகத்தில் நீங்களும் இறங்கி, அதே சாலை நெரிசலில் போகிறீர்கள். சிறிய கப்பலுக்குக் கொடுத்த பணம் அன்றைக்கு வீண். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் மனம் நோவது இந்த விஷயத்தில்தான். வாழ்நாள் சேமிப்பிலிருந்து எடுத்துத் தருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டாமா?

சிறிய கப்பலின் முழுப் பயனும் கிடைக்கும் கிரேக்கப் பயணம் எப்படி இருக்கும்? ஊர்ப் பட்டியலில் மொனெம்வாசியா, நாஃப்பிளியோ, ஹைட்ரா, பாட்மோஸ், சிமி போன்ற பெயர்கள் இருக்கும். ஹைட்ராவில் கார்களே கிடையாது. கப்பலிலிருந்து படகில் இறங்கினால் நேரே கடைவீதி. கொரிந்து கால்வாய் வழியாகப் போகும் பயணமா என்று பாருங்கள். 1893இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய் ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அடியில் அகலம் 21 மீட்டர்தான். இரண்டு பக்கமும் செங்குத்தாக எழும் பாறைச்சுவர்களுக்கு நடுவே கப்பல் ஊர்ந்து போகும். பெரிய கப்பல்கள் அதைக் கனவிலும் நினைக்க முடியாது. மண்சரிவு காரணமாக அண்மை ஆண்டுகளில் நீண்ட காலம் மூடிக் கிடந்திருக்கிறது, எனவே உங்கள் தேதியில் திறந்திருக்குமா என்று விசாரியுங்கள். வெனிஸும் அப்படியே: 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தின் முன்னால் உள்ள நீர்ப்பரப்பிலும் ஜூதெக்கா கால்வாயிலும் போகத் தடை. சிறிய கப்பல் போகலாம், ஆனால் உங்கள் கப்பல் போகுமா, எங்கே கட்டுவார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிரேக்கத் தீவான சான்டோரினியைப் பொறுத்தவரை சிறிய கப்பலுக்கு அத்தனை அனுகூலம் இல்லை. எல்லாக் கப்பலும் நடுக்கடலில் நின்று படகில்தான் ஆட்களை இறக்குகிறது. மேலே ஊருக்குப் போகக் கம்பிவட ஊர்தியின் வரிசையில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். இரவு பத்து மணி வரை அங்கே நிற்கும் கப்பல் கிடைத்தால் மட்டுமே விசேஷம். பகல் கூட்டம் கலைந்த பிறகு ஊரைப் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்ற வடகாற்று பலமாக வீசும். நங்கூரமிட்டுப் படகில் இறக்க வேண்டிய தீவுகளைக் கேப்டன் அப்போது கடைசி நேரத்தில் விட்டுவிட நேரிடும். மே கடைசி, ஜூன் தொடக்கம், செப்டம்பர் நடு, இவைதான் நான் சொல்லும் காலம்.

கப்பல்களை ஒப்பிடும் கட்டத்துக்கு வந்ததும் எல்லோரும் சொல்லித்தரும் கணக்கு ஒன்று உண்டு. கப்பலின் மொத்த டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுப்பது. இந்த டன் எடையல்ல, கப்பலின் உள்கொள்ளளவைக் காட்டும் அளவு. எண் பெரிதானால் இடவசதி அதிகம். 'சீபோர்ன் வென்ச்சர்' சுமார் 23,000 டன், 264 பேர். தலைக்கு 87 வருகிறது. 'ஸீட்ரீம்' கப்பல்கள் சுமார் 4,300 டன், 112 பேர், 38தான். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஸீட்ரீம் நெரிசலாகத் தோன்றும். அறைகளுக்குப் பால்கனியும் கிடையாது. 1984, 85ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட பழைய கப்பல்கள் வேறு. ஆனாலும் அவற்றில் திரும்பத் திரும்பப் போகிறவர்கள் ஏராளம். வெயில் கடலில் எல்லோரும் நாள் முழுவதும் மேல்தளத்தில்தான் இருக்கிறார்கள், அங்கேயே சாப்பிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு இடம் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. அதே கப்பலை நார்வேயின் மழையில் கற்பனை செய்து பாருங்கள். கப்பலின் தரமும் அது நிற்கும் கடலைப் பொறுத்தே அமைகிறது.

கப்பலை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கல், கப்பல்கள் கைமாறுகின்றன, உருமாறுகின்றன. 'கிரிஸ்டல் எண்டெவர்' என்று 2021இல் வந்த கப்பல், அந்த நிறுவனம் நொடித்தபின் 2022இல் 'சில்வர் எண்டெவர்' ஆனது. விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் 'ஸ்டார் பிரீஸ்' முதலான மூன்று கப்பல்களை நடுவில் வெட்டி, புதிய பகுதியைச் செருகி நீட்டினார்கள். 212 பேர் கப்பல் 312 பேர் கப்பலாயிற்று. மாலுமிகளும் சமையல்காரர்களும் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். நண்பர் புகழ்ந்த அந்தச் சமையல்காரர் நீங்கள் போகும்போது விடுப்பில் இருக்கலாம். எனவே நண்பரின் பாராட்டைக் கேட்கும்போது, அவர் போனது எந்த ஆண்டு, எந்தக் கடல் என்று சேர்த்துக் கேளுங்கள்.

கட்டணத்தை ஒப்பிடும்போது மொத்தச் செலவைப் பாருங்கள். சிலர் கரைச் சுற்றுலா, பானங்கள், பணியாளர்களுக்கான அன்பளிப்பு, உள்நாட்டு விமானம் அனைத்தையும் சேர்த்தே விலை சொல்வார்கள். சிலர் தனித்தனியாக வாங்குவார்கள். கலாபகோஸ் பூங்காவுக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்கு 200 டாலர். கலாபகோஸ், அண்டார்டிகா இரண்டுக்கும் மருத்துவ அவசரத்தில் விமானத்தில் தூக்கிவரும் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம் எடுங்கள். சைவ உணவு வேண்டுமானால் பதிவு செய்யும்போதே, முட்டை உண்டா இல்லையா என்பது வரை எழுதிக் கொடுங்கள். உசுவாயாவில் சரக்கேற்றிய பிறகு கீரை வாங்க வழியில் கடை இல்லை.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வழித்தடமே விசாவைத் தீர்மானிக்கிறது. கிரேக்கத்தில் தொடங்கித் துருக்கியைத் தொட்டுத் திரும்பிக் கிரேக்கத்தில் முடிந்தால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் இருந்தால் போதாது. பலமுறை நுழைவு வேண்டும். குரோஷியா 2023இலிருந்து ஷெங்கனில் இருக்கிறது, பக்கத்து மான்டினீக்ரோ இல்லை. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சிக்குட்பட்டதானாலும் ஷெங்கனுக்கு வெளியே. ஆஸ்லோ வழியாகப் போய்த் திரும்ப இரண்டு முறை நுழைய அனுமதி வேண்டும். விசா சரியில்லாதவரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. ஈக்வடார், அர்ஜென்டினா இரண்டும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க நேரிடலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். இது பலருக்கு விமான நிலையத்தில்தான் தெரியவருகிறது.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது: கலாபகோஸை முதலில் வையுங்கள். முழங்கால் இன்னும் ஒத்துழைக்கும்போதே பார்க்க வேண்டிய இடம் அது. மாதம் ஏப்ரல் கடைசி அல்லது மே. கடல் அமைதி, அல்பட்ராஸும் வந்திருக்கும். எஸ்பன்யோலா இருக்கும் தெற்குப் பாதையில் போகும் வாரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த வாரத்தில் இடம் உள்ள கப்பல்களுக்கு மட்டும் கடிதம் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் எங்கே இறக்குவீர்கள், எத்தனை மணி நேரம், தண்ணீரிலா தரையிலா, எந்த இடத்தில் எத்தனை படி என்று கேளுங்கள். அண்டார்டிகா ஆசையையும் விட வேண்டாம். கணவரின் முழங்கால் மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிட்டு, விமானத்தில் போய்க் கப்பல் ஏறும் பயணமாக, நூற்றைம்பது பேருக்கு மிகாத கப்பலில், அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ போகலாம். கிரேக்கத் தீவுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நண்பரையும் கூட அழைத்து, அவருக்குப் பிடித்த கப்பலிலேயே போங்கள்.